அத்தை அழாத நாள்

2018 ஆடி மாதம் எங்கள் அப்பா இறந்தார். பாப்பாரப்பட்டிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். காலை ஏழு மணிக்கெல்லாம் பந்தல் போட்டாயிற்று, பறை வந்துவிட்டது, தர்மபுரியிலிருந்தும் காரிமங்கலத்திலிருந்தும் உறவுகள் வந்து இறங்கிக்கொண்டே இருந்தார்கள், ஆனால் எல்லோரும் ஒரே ஒரு ஆளுக்காகத்தான் காத்திருந்தார்கள். அப்பாவின் அக்கா, என் பெரிய அத்தை.

அத்தை கூலிக்கு மாரடிக்கிறவர் அல்ல. அவருக்கு ஒப்பாரி வரும், அவ்வளவுதான். செத்துப்போனவர் எந்தக் காட்டில் என்ன விதைத்தார், எந்த மாட்டுக்கு என்ன பெயர் வைத்தார், எந்த மகளை எந்த ஊரில் கட்டிக்கொடுத்துவிட்டு வாசலிலேயே உட்கார்ந்திருந்தார் என்பதையெல்லாம் அந்த இடத்திலேயே கட்டிப் பாடுவார். ஒவ்வொரு வரியும் மேலே மேலே போய்க் கடைசி எழுத்தில் உடைந்து இறங்கும். அந்த உடைகிற இடத்தில்தான் மற்ற பெண்களுக்கு அழுகை வரும். எங்கள் பக்கம் பாரதக் கூத்து முடிந்து படுகளத்தன்று, தரையில் மண்ணால் செய்து படுக்க வைத்திருக்கும் துரியோதனனைச் சுற்றி அழுகைப் பாட்டு எழும்போது, கூட்டத்திலிருந்து அக்காவின் குரல் மட்டும் தனியாகக் கேட்கும் என்று அப்பாவே பெருமையாகச் சொல்வார்.

ஒன்பது மணிக்கு ஆட்டோவில் வந்தார். மச்சான், அதாவது அத்தையின் மகன், அவரைத் தூக்கி வந்து அப்பாவின் தலைமாட்டில் உட்கார வைத்தார். பெண்கள் இடம்விட்டு வட்டமாக உட்கார்ந்தார்கள். அத்தை அப்பாவின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, பால்காரர் வந்துவிட்டார் என்று சொல்வதைப் போல, "தம்பி போயிட்டான்" என்றார். அப்புறம், "வெயில் மூஞ்சில அடிக்குது, பந்தலை இழுத்துக் கட்டுங்க" என்றார். அவ்வளவுதான். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை, ஒரு வரி இல்லை. முகம் சுவரைப் போல இருந்தது.

அடக்கம் முடிந்து சாயங்காலம் திரும்பி வருவதற்குள் ஊருக்குள் பேச்சு பரவிவிட்டது. கல்லு மனசு என்றார்கள். தாத்தா காலத்து ஒன்றரை ஏக்கர் மேட்டுக்காட்டில் அவருக்குப் பங்கு தரவில்லை, அதை உள்ளே வைத்துக்கொண்டுதான் இப்படி உட்கார்ந்திருந்தார் என்றார்கள். நானும் நம்பினேன். அப்பாவைத் தூக்கி வளர்த்தவர், என்னையும் இடுப்பில் வைத்து வளர்த்தவர், அவரால் எப்படி இப்படி இருக்க முடிந்தது என்று எனக்குள் ஆத்திரம் வேர்விட்டுப் போனது. மூன்று வருஷம் அவர் வீட்டுப் பக்கம் நான் சரியாகப் போகவில்லை. அந்த மூன்று வருஷத்தைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன், மூளையின் இரண்டு பக்கங்களைப் பற்றியும்.

அப்பா இறப்பதற்கு ஒரு வருஷம் முன்னால், 2017இல், அத்தைக்கு வாதம் அடித்திருந்தது. விடியற்காலையில் களி கிண்டிக்கொண்டிருந்தவர் அடுப்படியிலேயே இடதுபக்கமாகச் சாய்ந்துவிட்டார். வீட்டில் எண்ணெய் தேய்த்துப் பார்த்தார்கள், பக்கத்து ஊரில் பச்சிலை கொடுக்கிறவரிடம் தூக்கிக்கொண்டு போனார்கள், மறுநாள்தான் ஆஸ்பத்திரி. மூளைக்குப் போகிற இரத்தக்குழாய் அடைத்து வருகிற வாதத்துக்கு, அடைப்பைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும் என்பது அன்றைக்கு எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. இதைப் படிக்கிறவர்கள் தயவுசெய்து ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். வாய் கோணினால், ஒரு கை விழுந்தால், பேச்சு குழறினால் உடனே 108ஐக் கூப்பிடுங்கள், எண்ணெயும் பச்சிலையும் தேடிக்கொண்டு நிற்காதீர்கள்.

ஸ்கேனில் வலதுபக்க மூளையில் அடைப்பு என்று வந்தது. மூளையின் வலதுபக்கம்தான் உடம்பின் இடதுபக்கத்தை ஆட்டுவிக்கிறது, அதனால் இடது கையும் இடது காலும் விழுந்தன. ஆனால் பேச்சு போகவில்லை. பெயர் கேட்டால் சொன்னார், பேரப்பிள்ளைகளை அடையாளம் சொன்னார், கணக்குக்கூடச் சரியாகப் போட்டார். "பேச்சு போகல, அதுவே சாமி புண்ணியம்" என்று எல்லோரும் நிம்மதியாக வீட்டுக்கு வந்தோம். அந்த நிம்மதிதான் எங்களை ஏமாற்றியது என்று இப்போது தோன்றுகிறது.

முதல் சில வாரங்கள் விசித்திரமாக இருந்தன. இடது கையைத் தூக்குங்கள் என்றால் "தூக்கிட்டேன்ல" என்பார். கை மடியில் கிடக்கும். இதற்கு ஒரு பெயர் இருக்கிறது, அனோசோக்னோசியா. பிரெஞ்சு நரம்பியல் மருத்துவர் பாபின்ஸ்கி 1914இல் வைத்த பெயர். தனக்கு வந்த ஊனம் தனக்கே தெரியாமல் போவது. தட்டில் சோறு போட்டால் வலது பாதியை மட்டும் சாப்பிட்டுவிட்டு எழுந்துகொள்ளப் பார்ப்பார், இடது பாதி அப்படியே இருக்கும். தட்டைத் திருப்பி வைத்தால் மிச்சத்தையும் சாப்பிடுவார். இதெல்லாம் இரண்டு மூன்று மாதத்தில் பெரும்பாலும் சரியாகிவிட்டது. கண்ணுக்குத் தெரிந்த கோளாறுகள் என்பதால் எல்லோரும் பொறுமையாகவும் இருந்தோம். பழைய குரல் மட்டும் திரும்பவே இல்லை, அதை யாரும் கோளாறு என்று எண்ணவும் இல்லை.

2021இல் என் தாய்மாமாவுக்கு வாதம் வந்தது. காவேரிப்பட்டணத்தில் மாங்காய் மண்டியில் தரகு பார்த்தவர். பெங்களூரா மாங்காய் லோடு வந்து இறங்கினால் கையால் ஒரு காயை எடுத்து மோந்து பார்த்துவிட்டு, கூழ் ஃபாக்டரிக்கு எது, சந்தைக்கு எது என்று கத்திக்கொண்டே பிரிப்பவர். அவருக்கு இடதுபக்க மூளை. வலது கை விழுந்தது, வார்த்தைகள் போயின. "அது... அது..." என்பதைத் தாண்டி ஒன்றும் வராது. வராதபோது தலையில் அடித்துக்கொண்டு அழுவார், கையில் இருக்கிற டம்ளரைத் தூக்கி எறிவார். ஆனால் சாப்பாட்டில் உப்பில்லை என்றால் கெட்டவார்த்தை முழுசாக, பிசிறில்லாமல் வரும். சின்ன வயதில் கூத்தில் கோமாளி வேஷம் கட்டியபோது பாடிய பாட்டும் வரும். அத்தைக்கு நேர் எதிர். வார்த்தை போய்விட்டது, குரலில் உயிர் மட்டும் அப்படியே இருந்தது. "அது" என்ற ஒரே சொல்லில் அவர் கோபப்பட்டார், கெஞ்சினார், கேலி செய்தார், என் மகளைக் கொஞ்சினார்.

மாமாவை ஓசூரில் ஒரு நரம்பியல் மருத்துவரிடம் காட்டினோம். குடும்பத்தில் வேறு யாருக்காவது வாதம் வந்திருக்கிறதா என்று அவர் கேட்டபோது, எங்கள் அம்மா பக்கம் இல்லை, அப்பா பக்கத்து அத்தைக்கு வந்தது, வலதுபக்கம், ஆனால் பேச்சுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று சும்மாதான் சொன்னேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு, "அவங்க குரல் எப்படி இருக்கு? முன்னாடி மாதிரி ஏத்த இறக்கமாப் பேசறாங்களா?" என்று கேட்டார்.

நான் பதில் சொல்லவில்லை. பந்தலை இழுத்துக் கட்டச் சொன்ன குரல்தான் காதில் கேட்டது.

அன்றிரவு கிருஷ்ணகிரிக்குத் திரும்பியதிலிருந்து படிக்க ஆரம்பித்தேன். நான் பள்ளி ஆசிரியர், மருத்துவன் இல்லை. ஆனால் இதில் கிடைத்ததை எல்லாம் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறேன், புரியாததை மாமாவின் மருத்துவரிடம் கேட்டிருக்கிறேன்.

மூளையின் இடதுபக்கம்தான் பேச்சுக்கு முக்கியம் என்பது பழைய கண்டுபிடிப்பு. 1861இல் பாரிஸில் பால் புரோக்கா என்ற மருத்துவரிடம் லெபோர்ன் என்ற நோயாளி வந்தார். எதைக் கேட்டாலும் "டான்" என்ற ஒரே அசையைத்தான் சொல்வார். கோபம் வந்தால் மட்டும் ஒரு வசவு தெளிவாக வரும். அவர் இறந்த பிறகு மூளையைப் பார்த்தபோது இடதுபக்க முன்பகுதியில் சேதம் இருந்தது. அந்த நூற்றாண்டிலேயே இங்கிலாந்தில் ஹியூலிங்ஸ் ஜாக்சன் என்பவர், பேச்சிழந்தவர்கள் திட்டுவதையும் வழக்கமான பிரார்த்தனையைச் சொல்வதையும் கவனித்து, உணர்ச்சியில் தானாக வருகிற பேச்சுக்கு வலதுபக்கமும் பொறுப்பாக இருக்கலாம் என்று எழுதினார். மாமாவின் கெட்டவார்த்தைக்கும் கூத்துப் பாட்டுக்கும் விளக்கம் இங்கே இருக்கிறது. பாட முடிகிறதே என்று அதையே வைத்துப் பேச்சைத் திரும்பக் கொண்டுவரும் ஒரு சிகிச்சையை 1973இல் அமெரிக்காவில் உருவாக்கினார்கள், சொற்றொடரை இராகமாக இழுத்து, இடது கையால் தாளம் தட்டிக்கொண்டே சொல்ல வைப்பது. நாங்கள் மாமாவுக்கு அதைப்போல வீட்டிலேயே செய்து பார்த்தோம். "தண்ணி வேணும்" என்பது முதலில் பாட்டாகத்தான் வந்தது.

சரி, அத்தைக்கு வருகிறேன்.

"வந்துட்டியா" என்று ஒரு வார்த்தை இருக்கிறது. வெளியூர் போய்விட்டு இராத்திரி பத்து மணிக்கு வீட்டுக்கு வருகிற பிள்ளையை அம்மா கேட்கும்போது அது ஒன்று. கடன் வாங்கிக்கொண்டு ஓடியவன் கடைத்தெருவில் மாட்டும்போது அது இன்னொன்று. பள்ளிக்கு அரைமணி நேரம் லேட்டாக வருகிற பையனிடம் நான் கேட்பது மூன்றாவது. எழுதினால் மூன்றும் ஒன்றுதான். எந்த அசையில் குரல் ஏறுகிறது, எங்கே அழுந்துகிறது, எவ்வளவு இழுக்கிறது, எங்கே நிற்கிறது என்பதில்தான் பொருளே மாறுகிறது. நாம் தொனி என்று சொல்கிற இந்த விஷயத்தில் வலதுபக்க மூளைக்குப் பெரிய பங்கு இருக்கிறது.

1975இல் கென்னத் ஹெயில்மேனும் கூட இருந்தவர்களும் ஒரு சோதனை செய்தார்கள். உணர்ச்சி எதுவும் இல்லாத சாதாரண வாக்கியங்களை மகிழ்ச்சியாக, சோகமாக, கோபமாக, ஒன்றுமில்லாமல் என்று வெவ்வேறு தொனியில் படித்துக் காட்டினார்கள். வலதுபக்க மூளையின் பின்பகுதி சேதமானவர்களுக்கு வாக்கியம் நன்றாகப் புரிந்தது, படித்தவரின் மனநிலை என்ன என்பது பிடிபடவில்லை.

அதைவிட என்னை உலுக்கியது 1979இல் எலியட் ராஸ், மார்சல் மெசுலம் என்ற இரண்டு மருத்துவர்கள் எழுதிய ஒரு பெண்ணின் கதை. அவர் பள்ளி ஆசிரியை. வலதுபக்க மூளையில் வாதம் வந்து, குணமாகி, வேலைக்குத் திரும்பினார். வகுப்பை அடக்க முடியவில்லை. அவர் கோபப்படுகிறார் என்பதே பிள்ளைகளுக்குத் தெரியவில்லை, ஏனென்றால் குரல் ஒரே மட்டத்தில் இருந்தது. வீட்டில் தன் சொந்தப் பிள்ளைகளிடமும் அதே கதைதான். அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டு, நான் கோபமாக இருக்கிறேன், நிஜமாகத்தான் சொல்கிறேன் என்று வார்த்தையாலேயே சேர்த்துச் சொன்னார். உள்ளே கோபம் இருந்தது, வருத்தம் இருந்தது, எல்லாமே இருந்தது, வெளியே வருகிற வழிதான் அடைபட்டிருந்தது.

எட்டாம் வகுப்பில் நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால் நிற்கிறவன் நான். "டேய்" என்ற ஒரு அசையின் அழுத்தத்தில்தான் என் பிழைப்பு ஓடுகிறது. அந்தக் குரல் ஒருநாள் காலையில் இல்லாமல் போனால் எப்படி இருக்கும் என்று எனக்கு உடனே விளங்கியது. அதற்கு அடுத்த கணம் அத்தையின் முகம் ஞாபகம் வந்து அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

இந்த நிலைக்கு அப்ரோசோடியா என்று பெயர் வைத்தார்கள். வலதுபக்கத்தின் முன்பகுதி அடிபட்டால் தொனியை வெளிக்கொண்டுவர முடியாது, பின்பகுதி அடிபட்டால் அடுத்தவர் தொனி புரியாது என்று 1981இல் ராஸ், இடதுபக்கத்துப் பேச்சு மையங்களுக்குக் கண்ணாடி வைத்தாற்போல ஒரு படம் போட்டார். எல்லா நோயாளிகளுக்கும் அந்தப் படம் அவ்வளவு கச்சிதமாகப் பொருந்தவில்லை, தொனியில் இடதுபக்கத்துக்கும் வேலை இருக்கிறது. ஆனாலும் வலதுபக்கம் அடிபட்டவர்களின் குரலும் முகமும் தட்டையாகிப்போவதுண்டு, அதை வீட்டில் இருப்பவர்கள் குணம் மாறிவிட்டது என்று தப்பாக எடுத்துக்கொள்வதுண்டு என்பதில் சந்தேகமில்லை. நாங்கள் அதைத்தானே செய்தோம்.

இந்த இடத்தில் ஒன்று சொல்லியாக வேண்டும், எனக்கு இதில் நிஜமாகவே கோபம் உண்டு. எங்கள் ஊர்ப்பக்கம் பிள்ளைகளின் வலது மூளையைத் திறக்கிறோம் என்று வகுப்பு நடத்துகிறார்கள். இடது மூளை கணக்கு, வலது மூளை உணர்ச்சி, உங்கள் பிள்ளை எந்தப் பக்கம் என்று நோட்டீஸ் அடித்துப் பள்ளி வாசலில் கொடுக்கிறார்கள். ஆயிரக்கணக்கில் பணம் வாங்குகிறார்கள். 2013இல் யூட்டா பல்கலைக்கழகத்தில் 1011 பேரின் மூளை ஸ்கேன்களை வைத்து ஆராய்ந்தார்கள். சில வேலைகள் ஒரு பக்கம் அதிகமாக நடப்பது உண்மை, ஆனால் ஒரு மனிதரின் மூளை முழுக்க இடதுபக்கமாகவோ வலதுபக்கமாகவோ சாய்ந்திருப்பதற்கு அடையாளமே கிடைக்கவில்லை. உணர்ச்சி வலதுபக்கத்தில் குடியிருக்கிறது என்றால் மாமா ஏன் அப்படி அழுதார்? இடதுபக்கம் அடிபட்டவர் அவர்.

மாமாவின் அழுகைக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. இடதுபக்கம் அடிபட்டவர்கள் முடியாத ஒரு வேலையைச் செய்யச் சொன்னால் பதறிப்போய் உடைந்து அழுவதை 1930களிலேயே கர்ட் கோல்ட்ஸ்டைன் எழுதியிருக்கிறார். 1972இல் இத்தாலியில் குயிதோ கைனோட்டி இரண்டு பக்கத்து நோயாளிகளையும் ஒப்பிட்டுப் பார்த்தார். இடதுபக்கக்காரர்களிடம் இந்தப் பதற்றமும் அழுகையும் அதிகம், வலதுபக்கக்காரர்களிடம் ஒன்றுமே நடக்காததுபோல் இருக்கும் அசட்டை அதிகம். இப்படிப்பட்ட கவனிப்புகளிலிருந்துதான், நல்ல உணர்ச்சிக்கு இடதுபக்கம், கெட்ட உணர்ச்சிக்கு வலதுபக்கம் என்று ஒரு கருத்து வளர்ந்தது. இடது போனால் துக்கம் மிஞ்சும், வலது போனால் கவலையில்லாத்தனம் மிஞ்சும் என்று. ரிச்சர்டு டேவிட்சன் போன்றவர்கள் தலையில் மின்முனைகளை ஒட்டி முன்மூளையின் இரண்டு பக்கங்களையும் அளந்தபோது, பத்து மாதக் குழந்தைகளிடம்கூட மகிழ்ச்சியின்போது இடதுபக்கம் கூடுதலாக வேலை செய்வதாகத் தெரிந்தது.

இதில் சிக்கல் கோபத்தால் வந்தது. கோபத்தை யாரும் நல்ல உணர்ச்சி என்று சொல்லமாட்டார்கள். ஆனால் 1990களின் கடைசியில் எடி ஹார்மன்-ஜோன்ஸ் அளந்தபோது கோபம் இடதுபக்கத்தோடு சேர்ந்து நின்றது. அதனால், நல்லது கெட்டது என்பதல்ல, ஒன்றை நோக்கிப் போவது, ஒன்றிலிருந்து விலகுவது, இதுதான் பிரிவு என்று சிலர் மாற்றிச் சொன்னார்கள். எனக்கு இது கூத்தைப் பார்த்தவுடன் புரிந்தது. வீமன் வேஷக்காரர் கோபத்தில் திரையைத் தள்ளிக்கொண்டு முன்னால் பாய்வார், சபை நடுவில் துகிலைப் பிடித்து இழுக்கப்படும் திரௌபதி பயத்தில் பின்னால் பின்னால் போவார். இரண்டுமே துன்பம்தான், ஆனால் உடம்பு போகிற திசை வேறு. இதுவும் முடிந்த முடிவல்ல. ஸ்கேன் ஆய்வுகளை மொத்தமாகச் சேர்த்துப் பார்த்தவர்கள், உணர்ச்சி என்ற பெரிய சொல்லை ஒரு பக்கத்துக்கு எழுதிக்கொடுக்க முடியாது என்றுதான் சொல்கிறார்கள். வாதத்துக்குப் பிறகு வருகிற மனச்சோர்வும் இடதுபக்கத்துக்காரர்களுக்கு மட்டுமே உரியதல்ல. எந்தப் பக்கம் அடிபட்டாலும் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு வருகிறது. மாமாவுக்கு மருந்து கொடுத்தார்கள், ஆறு மாதத்தில் தேறினார்.

படித்ததிலேயே என் நெஞ்சில் தைத்தது ஒரு சோதனை. மூளையின் இரண்டு பாதிகளையும் இணைப்பது நடுவில் இருக்கும் ஒரு கனத்த நரம்புக்கட்டு, சுமார் 20 கோடி இழைகள். கடுமையான வலிப்பு நோய்க்காக அதை வெட்டிவிட்ட நோயாளிகளை ரோஜர் ஸ்பெர்ரியும் அவருடைய மாணவர் மைக்கேல் கசானிகாவும் பல வருஷங்கள் ஆராய்ந்தார்கள். 1981இல் ஸ்பெர்ரிக்கு நோபல் பரிசு கிடைத்தது. கசானிகா பிற்காலத்தில் ஒரு பெண்ணின் வலதுபக்க மூளைக்கு மட்டும் தெரியும்படி, ஒருவரை நெருப்பில் தள்ளிவிடுகிற படக்காட்சியைக் காட்டினார். பேசுகிற இடதுபக்கத்துக்கு அந்தக் காட்சி போய்ச் சேரவில்லை. என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால், ஏதோ வெள்ளையாக மின்னியது, மரங்கள் மாதிரி இருந்தது என்கிறார். ஆனால் பயமாக இருக்கிறது, படபடப்பாக இருக்கிறது என்கிறார். ஏன் என்று தெரியாததால் காரணத்தை அவரே உண்டாக்குகிறார், இந்த அறை எனக்குப் பிடிக்கவில்லையோ, இல்லை உங்களைப் பார்த்துத்தான் பயமோ என்று. உணர்ச்சி, மூளையின் அடிப்பகுதி வழியாகக் கசிந்து வந்துவிட்டது, காரணம் மட்டும் வரவில்லை. வராத காரணத்தை இடதுபக்கம் இட்டுக்கட்டிக்கொண்டது, பொய் சொல்கிறோம் என்ற நினைப்பே இல்லாமல்.

நாங்கள் ஒன்றரை ஏக்கர் மேட்டுக்காட்டை இட்டுக்கட்டினோம். அத்தை அழவில்லை, ஏன் என்று தெரியவில்லை, தெரியாமல் இருக்க எங்களால் முடியவில்லை. நில விவகாரம் பொருத்தமாகக் கையில் கிடைத்தது. மூளையில் அடைப்பு என்ற ஸ்கேன் ஃபிலிம் அதே வீட்டு அலமாரியில்தான் இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அத்தை வீட்டுக்குப் போனேன். திண்ணையில் உட்கார்ந்து வலது கையால் புளி உடைத்துக்கொண்டிருந்தார், காலால் பழத்தை அணைத்துக்கொண்டு, ஒற்றைக் கையாலேயே கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். இடது கை மடியில் கிடந்தது. நான் குழந்தையாக இருந்தபோது அந்தக் கையால்தான் என்னை இடுப்பில் அணைத்தபடி களத்துமேட்டில் வேலை செய்திருக்கிறார். எங்கள் வீட்டு ஃபோட்டோ ஒன்றில்கூட அவருடைய இடது இடுப்பில்தான் இருக்கிறேன். 1960இல் லீ சால்க் என்ற மனநல ஆய்வாளர் கணக்கெடுத்தபோது வலதுகைப் பழக்கமுள்ள தாய்மார்களில் 83 சதவீதம் பேரும், இடதுகைப் பழக்கமுள்ளவர்களில் 78 சதவீதம் பேரும் குழந்தையை இடதுபக்கம்தான் அணைத்துப் பிடித்தார்கள். வலது கையால் வேலை செய்ய வசதி என்பது மட்டும் காரணம் என்றால் இடதுகைக்காரர்கள் ஏன் அப்படிச் செய்ய வேண்டும்? தாயின் இதயத் துடிப்பு கேட்கும் என்று சால்க் நினைத்தார். இடப்பக்கம் இருக்கும் குழந்தையின் முகமும் குரலும் வலதுபக்க மூளைக்கு நேராகப் போகும், அதனால்தான் என்று பிறகு சிலர் சொன்னார்கள். எது சரியோ, அன்றைக்கு அந்தக் கையைப் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

"வா சாமி" என்றார். ரேஷன் கடையில் பெயர் படிக்கிற மாதிரி.

கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பிறகு நேரடியாகவே கேட்டேன். "அத்தே, அப்பா செத்தன்னிக்கு உங்களுக்கு அழுக வரலியா?"

புளியைக் கீழே வைத்தார். "வந்துதே" என்றார். "நெஞ்சு முட்டிக்கினு இருந்துது. பாட்டெல்லாம் வரிசையா வந்துது. வாயத் தொறந்தா கொரலு ஏறல. ஏறாத கொரல்ல எப்டி பாடறது, செத்தவனுக்கு அவமானம் இல்லியா. அதான் வாய மூடிக்கினேன்."

இதையும் அதே மட்டமான குரலில்தான் சொன்னார். கண்ணில் தண்ணீர் இல்லை. யாராவது தூரத்திலிருந்து பார்த்திருந்தால் புளி விலை பேசிக்கொண்டிருக்கிறோம் என்று நினைத்திருப்பார்கள். மச்சானின் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவர், வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். நாலு வருஷமாக அதே வீட்டில் சோறு போட்டவர். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அந்த அமெரிக்க ஆசிரியையின் கதையைச் சொன்னேன். அத்தை முழுசாகக் கேட்டார். "அந்த டீச்சரு இப்ப நல்லா இருக்கறாங்களா?" என்று கேட்டார். அது ரொம்ப காலத்துக்கு முந்தின கதை என்றேன். அதற்குமேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் பத்து நாள் கழித்து ஃபோன் வந்தது. "சாமி, வீட்டு மரத்து மாங்கா குடுத்து அனுப்பிக்கிறேன். புள்ளைக்குக் குடு. பாசமாத்தான் சொல்றேன்."

அந்தக் கடைசி வார்த்தை இப்போது அந்த வீட்டில் பழகிவிட்டது. கோவமாத்தான் சொல்றேன் என்பார், பேரன்கள் உடனே செல்ஃபோனைக் கீழே வைத்துவிடுவார்கள். வெளையாட்டுக்குத்தான் சொன்னேன் என்பார், அப்புறம்தான் நாங்கள் சிரிப்போம். எங்கள் பக்கத்திலும் கொஞ்சம் மாற்றிக்கொண்டோம். அவருக்கு வலதுபுறமாக உட்கார்ந்து பேசுகிறோம். முகத்தைப் பார்த்து முடிவு கட்டாமல், என்ன அத்தே கோவமா, வலிக்குதா, சந்தோஷமா என்று வாய்விட்டுக் கேட்கிறோம். கேட்டால் சொல்கிறார். ஒவ்வொரு முறையும் சரியாகச் சொல்கிறார்.

போன பங்குனியில் அவர்கள் தெருவிலேயே ஒரு பாட்டி இறந்துபோனார், அத்தைக்குச் சின்ன வயதிலிருந்து சிநேகிதி. நானும் போயிருந்தேன். அத்தையை நாற்காலியில் உட்கார வைத்துத் தூக்கி வந்தார்கள். அக்கா அவருக்கு வலதுபக்கம் ஒட்டி உட்கார்ந்துகொண்டார். கொஞ்ச நேரம் எல்லோரும் பேசாமல் இருந்தார்கள். அப்புறம் அத்தை, ஏற்றமும் இல்லாமல் இறக்கமும் இல்லாமல், பாடப்புத்தகம் படிக்கிற குரலில் அக்காவின் காதருகே ஒரு வரியைச் சொன்னார்.

"கேவுரு கதிரறுத்துக் களத்துல போட்டவளே."

அக்கா அதை வாங்கி மேலே இழுத்தார். முதல் வரியில் அவருக்குக் குரல் நடுங்கியது, பழக்கமில்லை. அத்தை காத்திருந்து அடுத்ததைச் சொன்னார்.

"பொழுதோட வரேன்னு போனவளே காணலியே."

கடைசி எழுத்தில் அக்காவின் குரல் உடைந்தது. சுற்றி இருந்த பெண்கள் அழ ஆரம்பித்தார்கள். அத்தை அடுத்த வரியைச் சொல்ல அக்காவின் பக்கம் சாய்ந்தார்.